ரெங்கம்மா அத்தையின் பச்சப்புள்ள சாமி

நமுனுகுல மலை ஏன் ஒரு பக்கமாகச் சரிந்து நிற்கிறது தெரியுமா? எங்கள் ரெங்கம்மா அத்தை ஒருநாள் அதைப் பார்த்து, மூக்குத்தியைத் திருகிக்கொண்டு, "என்னா பார்வ?" என்று கேட்டார். அன்றைக்குத் தலையைத் திருப்பிய மலை இன்னும் நேராகப் பார்க்கவில்லை. எல்லப் பாலத்தில் ரயில் மெதுவாகப் போவது வெள்ளைக்காரர்கள் படம் எடுப்பதற்காக என்று நினைக்கிறீர்கள். இல்லை. இந்தப் பக்கத்து மலையில் அத்தை கண் அசந்திருந்தால் எழும்பிவிடுவாரே என்ற பயம். கொழும்பில் பாராளுமன்றம் கூடி ஒரு சட்டம் போட்டால் அது நாடு பூராவும் செல்லும், எங்கள் தோட்டத்துக் கல்லுமலை டிவிஷனைத் தவிர. இங்கே அத்தை வெற்றிலையைத் துப்பிவிட்டு "சரி" என்று சொன்ன பிறகுதான் செல்லும்.

கொஞ்சம் கூடத்தான் சொல்லிவிட்டேன். ஆனால் கல்லுமலையில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், பாதியையாவது ஒத்துக்கொள்வார்கள்.

கல்லுமலை பூனாகலைக்கு மேலே, பஸ் திரும்பிப் போகிற இடத்துக்கும் மேலே இருக்கிறது. தேயிலைத் தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயங்கள், ஒரு கோயில், கொழுந்து நிறுக்கிற மடுவம். அதற்கு அப்பால் பழைய பிள்ளைக்காம்பரா. மலைக்குப் போகிற அம்மாமார் கைப்பிள்ளைகளை விட்டுப்போன இடம் அது. மீரியபெத்தயில் மண் இறங்கி லயத்தோடு ஆட்களை மூடிய பிறகு அதிகாரிகள் வந்து எங்கள் பக்கத்து வெடிப்புகளையும் அளந்தார்கள். அளந்துவிட்டு, பிள்ளைக்காம்பராச் சுவரில் சிவப்புப் பெயின்டால் ஒரு குறி போட்டுப் போனார்கள். பிள்ளைகளை வேறு இடத்துக்கு மாற்றியாயிற்று. உள்ளே பழைய சேலைகளில் கட்டிய தொட்டில்களை மட்டும் யாரும் அவிழ்க்கவில்லை. உடைந்த ஜன்னல் வழியாகப் பார்த்தால் வரிசையாகத் தொங்கும். காற்று இல்லாத நாளில் பார்க்கக்கூடாது என்பார்கள். ஏன் என்று கேட்டால், "காத்து இல்லாம ஆடுனா என்னா செய்வ?" என்று திருப்பிக் கேட்பார்கள். நல்ல கேள்விதான்.

அத்தை எங்களுக்கு வலப்பக்கத்துக் காம்பரா. லயத்தில் நடுச்சுவர் கூரைவரைக்கும் போகாது. ஒரு வீட்டில் தும்மினால் மூன்றாவது வீட்டில் "நூறு" என்பார்கள். இதில் எழுதுவதில் பாதி எனக்கு அப்படி வந்ததுதான். ஒட்டுக்கேட்டேன் என்று சொல்லாதீர்கள். சுவர் குட்டை.

நாற்பத்தைந்து தாண்டியிருக்கும் அத்தைக்கு. கொழுந்து எடுக்கிற வேலை. கைவிரல் எல்லாம் தேயிலைக் கறை, வாய் எல்லாம் வெற்றிலைக் கறை, மனசில் மட்டும் ஒன்றும் ஒட்டாது, உடனே திட்டித் தீர்த்துவிடுவார். புருசன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் இருந்தார். முதலில் தீபாவளிக்கு வந்தார். பிறகு தீபாவளிக்குப் போன் எடுத்தார். பிறகு தீபாவளி மட்டும் வந்தது.

அத்தைக்கு ஒரு பிள்ளை பிறந்தது. நான் பிறப்பதற்கு முந்திய கதை. வயிறு தெரியத் தொடங்கிய நாளில் பதுளையில் ஸ்கேன் எடுத்தார்கள். கை இருக்கிறது, கால் இருக்கிறது, முகம் இருக்கிறது. புருவத்துக்கு மேலே மண்டை உருவாகவில்லை. பிறந்தாலும் தங்காது என்று டொக்டர் சிங்களத்தில் சொன்னார், நர்ஸ் அதைத் தமிழில் சொன்னார். அப்ப இதுக்கு என்னாங்க செய்யிறது என்று அத்தை கேட்டார். டொக்டர் மேசையைப் பார்த்துக்கொண்டு, தாயின் உயிருக்கு ஆபத்து என்றால்தான் சட்டம் விடும், இதற்கு விடாது, மாதம் முடியும்வரை சுமக்கத்தான் வேண்டும் என்றாராம்.

"அந்த டொக்டருக்கு என்னைய பாக்க வெக்கம்டா," என்று அத்தை சொல்வார். "நான் சொன்னேன், நீங்க விட்டாலும் நான் எடுக்க மாட்டேன் சார், அது மூஞ்சிய நான் பாக்கணும்னு. அத அந்த நர்ஸு திருப்பிச் சொல்லவே இல்ல."

சுமந்தார். கொழுந்துக் கூடை தூக்க முடியாமல் போனபோது அதை இறக்கி வைத்துவிட்டுப் புல்லு வெட்டினார். எதிரே வந்த பிள்ளைத்தாச்சிகள் பாதை மாறிப் போனார்கள். சிலர் கையால் வயிற்றை மறைத்துக்கொண்டு போனார்கள். பிள்ளை காலையில் பிறந்து, ஆஸ்பத்திரி வாட்டுக்குப் பின்நேரத் தேத்தண்ணி வருகிறவரைக்கும் இருந்தது. அதற்கு மேல் கேட்டால், "ஒனக்கு வேற சோலி இல்லையாடா?" என்பார். கடைசித் தேயிலை நிரைக்கு மேலே புதைத்தார்கள். பச்சைப்பிள்ளைக்குக் காரியமும் கிடையாது, கல்லும் கிடையாது.

அடுத்த வருசத் திருவிழாவில் உடுக்கு அடித்துக்கொண்டிருந்தபோது, கூட்டத்தில் நின்ற அத்தை அப்படியே சுருண்டு விழுந்தார். மற்றவர்களுக்கு வருகிற சாமி உறுமும், நாக்கைக் கடிக்கும், அரிவாள் கேட்கும். அத்தைக்கு வந்த சாமி அழுதது. முழங்கால் மடங்கி, விரல் பொத்தி, கண்ணை இறுக்கிக்கொண்டு, அன்றைக்குப் பிறந்த பிள்ளையின் குரலில். உடுக்கு தானாக நின்றுபோனதாம். பிறகு அது பால் கேட்டது. சங்கில் பால் ஊற்றிப் புகட்டினார்கள். எரிகிற கற்பூரத்தை நாக்கில் வைத்துச் சோதித்தார்கள். வாயை மூடி வாங்கிக்கொண்டது, ஒரு கொப்புளம் இல்லை. அன்றிலிருந்து அது பச்சப்புள்ள சாமி.

பால் குடித்தபின் அது குறி சொல்லும். தொலைந்த மாடு, வராத மழை, கட்டலாமா வேண்டாமா என்கிற கல்யாணம் எல்லாம் சொல்லும். ஒருதரம் மீரியபெத்தயிலிருந்து குடி மாறிய ஆட்கள் வந்து, மண்ணுக்குள்ளே போன தங்கள் ஆட்களைப் பற்றிக் கேட்டார்கள். சாமி அழுதுகொண்டே இருந்தது. அவர்களும் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, கும்பிட்டுப் போனார்கள்.

எனக்குக் குரல் பிடிக்க வரும். கங்காணியின் இருமலை லயத்துக்குப் பின்னால் நின்று இருமினால் பீடி குடித்துக்கொண்டிருந்தவர்கள் மம்பட்டியைத் தூக்குவார்கள். ஆனால் அந்த அழுகையை மட்டும் நான் எடுத்ததில்லை. விளையாட்டுக்கு ஒரு எல்லை இருக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் அத்தையின் கை இருக்கிறது.

எங்களுக்கு இடப்பக்கத்துக் காம்பராவில் நிஷாந்தினி அக்கா. எல்லவில் ஒரு தங்குமிடத்தில் அறை துப்புரவாக்கும் வேலைக்குப் போனாள். அங்கே தங்க வந்த ஒருவன் அவளை அறைக்குள் வைத்துக் கதவைப் பூட்டினான். அதற்குமேல் நான் எழுதப் போவதில்லை. முதலாளி சம்பளத்தைக் கையில் வைத்து, வெளியில் சொன்னால் உனக்குத்தான் கெட்ட பெயர் என்று பஸ் ஏற்றிவிட்டார். வந்தவள் சிரிக்கவில்லை. என் பகிடிகளுக்கு லயத்திலேயே நல்ல சிரிப்பு அவளுடையதுதான், அதனால் எனக்கு முதலில் தெரிந்தது. பிறகு அவள் அம்மா சரோசா அவளை அத்தையிடம் கூட்டிப்போனார். மாதம் தள்ளியிருந்தது.

எங்கள் வீட்டில் அப்போது நான் மட்டும். சுவருக்கு மேலே எல்லாம் வந்தது.

"பெத்துக் குடுடி. நான் வளத்துக்குறேன்," என்றார் அத்தை.

"முடியாதுங்க அத்தை."

"அது என்னாடி பாவம் செஞ்சிச்சு? நான் மண்டையில்லாததையே சொமந்தேன்."

"நீங்க பாக்கணும்னு சொமந்தீங்க. நான் பாக்கக்கூடாதுன்னு கெடக்குறேன்."

வெற்றிலைத் தட்டம் தரையில் உருண்ட சத்தம் கேட்டது. "அப்ப எங்கிட்ட வராத," என்றார் அத்தை. அன்றிலிருந்து பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது இவள் வந்தால் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

தாயும் மகளும் ஒருநாள் காலையில் பஸ் ஏறினார்கள். எந்த ஊர், எந்த வீடு, யார் செய்தது என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சுவருக்கு மேலே பேசவில்லை. திரும்பி வந்த அக்காவின் முகம் நனைந்த சாம்பல் மாதிரி இருந்தது. மறுநாள் இரத்தம் நிற்கவில்லை. சரோசாம்மா வாயில் சேலையைத் திணித்துக்கொண்டு அழுதார், சத்தம் வெளியே போகாமல். சத்தம் போகாத அழுகையும் குட்டைச் சுவரைத் தாண்டும். அத்தை அவர்கள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. சந்தியில் ஓட்டோ வைத்திருக்கிற ஹுமைத் நானாவுக்குப் போன் போட்டார், அக்காவைத் தோளில் சாய்த்துக்கொண்டு இறங்கினார். ஆஸ்பத்திரியில், "தண்ணி ஓடுற கானுல வழுக்கி விழுந்துட்டா, நான்தான் தூக்குனேன்," என்று சொன்னாராம். நர்ஸ் நம்பவில்லையாம். அத்தை நர்ஸையே பார்த்துக்கொண்டு நின்றாராம். கடைசியில் நர்ஸ்தான் கண்ணை எடுத்தாராம்.

வீட்டுக்கு வந்த பிறகும் அத்தை மாறவில்லை. "எங்கூட பேசாதடி. நீ செஞ்சது பாவம். கஞ்சிய குடி," என்று சொல்லிச் சொல்லிக் கோப்பையை வாயில் வைத்தார்.

ஏன் அந்தக் கான் கதை என்றால், அக்கா செய்தது சட்டப்படி குற்றம். பொலிஸ் கையில் எடுத்தால் மூன்று வருசம்கூட உள்ளே, மறியலில் போடலாம். அவளைப் பூட்டி வைத்தவன் எந்த நாட்டில் எந்தக் கடற்கரையில் இருக்கிறானோ, அவனை யாரும் தேடவில்லை.

அதற்குப் பிறகுதான் அந்தச் சத்தம்.

மத்தியானக் கொழுந்து நிறுவை. பனி மேலேயிருந்து இறங்கி மடுவத்துக்குள் வந்து நின்றது. தராசுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவரின் முகம் தெரியாது, குரல் மட்டும் வரும். அப்போது பழைய பிள்ளைக்காம்பராப் பக்கமிருந்து ஒரு பிள்ளை அழுதது. தராசுக்காரர் கையை எடுத்துவிட்டார். பெண்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். எல்லாருக்கும் தெரிந்த அழுகை அது. திருவிழாவுக்குத் திருவிழா கேட்ட அழுகை. ஆனால் ரெங்கம்மா அத்தை எனக்கு முன்னால், கொழுந்துச் சாக்கோடு, வெற்றிலை மென்றுகொண்டு நின்றார்.

முதலில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் வாய் மூடியிருந்தது. அப்படி மூடியிருந்ததை அவர்கள் அதிகம் பார்த்ததில்லை.

"என்னாடி எல்லாரும் செல மாதிரி நிக்கிறீங்க?" என்றார் அத்தை.

"கேக்கலையா அக்கா?"

"என்னாத்த?"

அழுகை இன்னும் போய்க்கொண்டுதான் இருந்தது. அத்தை காதைத் திருப்பி, புருவத்தைச் சுருக்கி, பனியைப் பார்த்தார். அவருக்குக் கேட்கவில்லை. அத்தனை பேரில் அவருக்கு மட்டும். எனக்குப் பயம் வந்தது அழுகையால் இல்லை, அதனால்தான்.

பிறகும் சில மத்தியானங்களில் கேட்டது. நான் ஒருதரம் ஜன்னல்வரைக்கும் போனேன். காற்று இல்லாத நாள். தொட்டில்கள் ஆடினவா என்று கேட்காதீர்கள். நான் உள்ளே பார்க்கவில்லை, ஓடிவந்துவிட்டேன். கொழுந்துக்காரர்கள் அந்த மலைக்குப் போக மாட்டோம் என்று காலையில் வேலை பிரிக்கிற பெரட்டிலேயே சொல்லிவிட்டார்கள்.

கோயில் கமிட்டித் தலைவர் அழகையா, ஓய்வு பெற்ற கங்காணி. கதிர்காமத்துக்கு வருசா வருசம் நடந்தே போய் ஒற்றைப் பிள்ளை பெற்றவர். பாதையில் பிள்ளைகளைக் கண்டால் சட்டைப்பையில் இனிப்புத் தேடுவார். அவருக்கு எப்போதும் காதோடு ஒரு ரேடியோ. அந்த நாட்களில் ரேடியோவில் இதே பேச்சு. பலாத்காரத்தால் உண்டான கருவையும் பிறந்தால் தங்காத கருவையும் கலைக்கச் சட்டம் இடம் கொடுக்கலாமா என்று. ஒருவர் கொடுக்கலாம் என்றார், ஒருவர் நாடு நாசமாகும் என்றார், நடுவில் சவர்க்காரம் விற்றார்கள். அழகையாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கமிட்டியைக் கூட்டினார்.

"கொழும்புல மாத்துனா மாத்தட்டும். நம்ம டிவிஷனுக்கு நம்ம சட்டம்," என்றார். கரு அழித்தவரைக் கமிட்டியே பொலிசில் ஒப்படைக்கும். அந்தக் குடும்பத்துக்குக் கோயில் வாசல் இல்லை, சாவுக்குப் பறை இல்லை, குழி வெட்ட ஆள் இல்லை.

யார் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் முகத்துக்கு நேரே சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. அப்போதுதான் அழகையாவுக்கு அந்த யோசனை வந்தது. "நாம ஏன் சொல்லணும்? பச்சப்புள்ளய கொன்னது யாருன்னு பச்சப்புள்ள சாமியே சொல்லட்டும். அதுதான இப்ப அழுவுது?" எல்லாரும் தலையாட்டினார்கள். பிள்ளை என்றால் பிள்ளைகளின் பக்கம்தான் பேசும் என்று அவர்கள் கணக்கு.

வெள்ளிக்கிழமை அழகையா அத்தை வீட்டு வாசலில் வந்து நின்றார். "ஞாயித்துக்கெழம காலையில சாமி எறக்கணும் ரெங்கம்மா. வெரதம் இரு."

"வந்தா வரும்ணே."

"வரும். ஒன் புள்ள அது, நியாயத்துக்கு வரும்."

அவர் போனதும் சரோசாம்மா ஓடிவந்து அத்தையின் காலைப் பிடித்தார். "அக்கா, சொல்லிறாதீங்கக்கா."

"நான் எங்கடி சொல்றேன்?" என்றார் அத்தை, அவரைத் தூக்கிவிட்டு. "அது வந்தா என் வாய்தான், ஆனா என் பேச்சு கேக்காது. உள்ளத உள்ளபடி சொல்லிப்புடும். நான் என்னாத்த செய்வேன்?"

ஞாயிற்றுக்கிழமை விடியும்போது எனக்கு மூக்கில் விழிப்பு வந்தது. கருவாடு பொரிகிற வாசம். சாமி இறங்கப் போகிற உடம்பு முட்டைகூடத் தொடாது. கவிச்சி பட்ட உடம்பில் சாமி ஏறாது என்பது இங்கே கைப்பிள்ளைக்கும் தெரியும். நான் மேசைமேல் ஏறிச் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தேன். அத்தை குளித்து, மஞ்சள் சேலை கட்டி, அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து கருவாட்டைப் பிய்த்துப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார். ருசித்துத் தின்கிற முகம் இல்லை. ஒவ்வொரு வாய்க்கும் கூரையைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தார். மன்னிப்புக் கேட்கிறாரா, வராதே என்று சொல்கிறாரா, தெரியவில்லை. வருசம் ஒருதரம் வருகிற பிள்ளைக்குக் கதவைச் சாத்துகிறார் என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. நான் சத்தம் போடாமல் இறங்கிவிட்டேன். கேலி பண்ண ஒன்றும் வரவில்லை.

கோயிலில் பனி. மணியடிக்கிறவன் தெரியவில்லை, மணி மட்டும் அடித்தது. லயம் பூராவும் வந்திருந்தது. நிஷா அக்கா தாயின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றாள். உடுக்குக்காரர் மாணிக்கம் தொடங்கினார். மெல்ல, பிறகு வேகமாக, பிறகு நெஞ்சுக்குள் அடிக்கிற மாதிரி. வேப்பிலையைக் கையில் பிடித்துக்கொண்டு அத்தை நடுவில் நின்றார். நின்றுகொண்டே இருந்தார். மாணிக்கம் வேர்த்துப் போனார். உடுக்கின் தோல் தளர்ந்துவிட்டது, நெருப்பில் காட்டி மறுபடி அடித்தார். ஒன்றும் வரவில்லை. பதினெட்டு வருசத்துக்கு மேலாக ஒரு உடுக்குக்கும் தவறாமல் வந்த சாமி. சனங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வந்தால் வருகிற பயம் வேறு, வராதபோது வந்த பயம் வேறு.

"அடக்கி வைக்காத ரெங்கம்மா," என்றார் அழகையா. "மண்டையில்லாத புள்ளயவே மாசம் முடிய சொமந்தவ நீ. இங்க உள்ள பொம்பளைங்க எல்லாருக்கும் நீதான் சட்டம்."

அத்தை வேப்பிலையைக் கீழே வைத்தார். "அண்ணே, அத நான் சொமந்தது நான் ஆசப்பட்டு. சட்டம் சொல்லி இல்ல. எனக்கு அத எடுக்குறது பாவம்னு பட்டுச்சு, இன்னைக்கும் அப்புடித்தான் படுது. அது எனக்கு. என் வயித்துல கெடந்தத தூக்கிட்டு வந்து அடுத்தவ வயித்துல கட்டாதீங்க."

"அப்ப பாவம் இல்லங்குறியா?" என்று யாரோ பனிக்குள்ளிருந்து கேட்டார்கள்.

"பாவம்னுதான் சொல்றேன். பாவத்துக்குச் சாமி இருக்கு. நடுவுல பொலிசு எதுக்கு, நீங்க எதுக்கு?"

அழகையாவின் கண் கலங்கியிருந்தது. "நான் கெட்டவனா ரெங்கம்மா? அந்தப் பச்சமண்ணுக்கு யாரு பேசுறது? அதுக்கு வாய் இருக்கா?"

அந்தக் கேள்விக்குப் பதிலை நான் இப்போதும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

அழகையா பித்தளைத் தட்டில் கற்பூரத்தை வைத்துக் கொளுத்தினார். "நிஷாந்தினி, இங்க வா தாயி. நான் ஒண்ணும் செய்யலைன்னு சொல்லி இத கையால அடிச்சு அணைச்சுட்டுப் போ. நானும் நம்பிட்டு வூட்டுக்குப் போயிர்றேன்."

அவர் உண்மையிலேயே அப்படித்தான் வேண்டினார் என்று நினைக்கிறேன். ஆனால் பொய்ச் சத்தியம் பண்ணினால் அடுத்த கற்பூரம் பெற்றவளின் பிணத்துக்கு முன்னால் எரியும் என்று எங்களுக்குச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். அக்காவும் அதை நம்புகிறவள்தான். அணைத்தால் அம்மா. அணைக்காவிட்டால் பொலிஸ். கையைச் சுவாலைக்கு மேலே நீட்டினாள். கை இறங்கவில்லை. எடுக்கவும் இல்லை.

என் திட்டம் சின்னத் திட்டம்தான். வருகிற வழியில் கானுக்குப் பக்கத்தில் நின்று கொஞ்சம் பழகியும் பார்த்திருந்தேன். பொத்தென்று விழவேண்டும், பிள்ளை மாதிரிக் கத்தவேண்டும், கூட்டம் கலையவேண்டும். விழுந்தேன். முழங்காலை மடக்கினேன், விரலைப் பொத்தினேன், கத்தினேன். அவ்வளவு நன்றாக வரும் என்று நானே எதிர்பார்க்கவில்லை. என்னுடைய திறமை எனக்கே தெரியாமல் இருந்திருக்கிறது. உடுக்கு நின்றது. சனங்கள் தள்ளிப் போகிற சேலைச் சத்தம் கேட்டது. பிறகு, திட்டத்தில் இல்லாத ஒன்றையும் சொன்னேன்.

"அம்மா கைய சுடாதீங்க."

நிஷா அக்கா அப்படியே மடிந்து உட்கார்ந்தாள். கை தட்டை விட்டு வந்துவிட்டது.

"அந்த வாலுப்பய மதுஷனா? நடிக்கிறான்டி!" என்று ஒரு குரல். "கற்பூரம் வைங்க!"

ரெங்கம்மா அத்தை வந்தார். கண்ணை இடுக்கிப் பார்த்தேன். அவர் முகத்தில் கோபம் இல்லை. வேறு என்னவோ இருந்தது, அதற்கு எனக்குச் சொல் தெரியாது. எரிகிற கற்பூரத்தை வெற்றிலையில் ஏந்தி என் வாய்க்கு நேரே கொண்டுவந்தார். இன்றைக்கு நாக்கு போச்சு என்று நினைத்துக்கொண்டு வாயைத் திறந்தேன். வைத்தார். மூடினேன். சுட்டதா என்று எல்லாரும் கேட்கிறார்கள். குளிர்ந்தது.

அழகையா மண்ணில் முழங்கால் போட்டிருந்தார். "குத்தம் யாரு மேல சாமி? சொல்லு சாமி."

அத்தை என் நெற்றியில் சாம்பலைத் தேய்த்தார். "சாமி மலையேறிருச்சு," என்றார். "கேட்டதுக்குச் சொல்லிருச்சு. எல்லாரும் வூட்டுக்குப் போங்க."

போனார்கள். அந்தச் சட்டத்தைப் பற்றிக் கமிட்டியில் பிறகு யாரும் பேச்செடுக்கவில்லை. பொலிசும் வரவில்லை. அழகையா ரேடியோவைக் காதுக்குப் பக்கத்தில் வைப்பதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டார். நிஷா அக்கா பண்டாரவளையில் ஸனூஸ் முதலாளியின் துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். போகிற அன்றைக்கு அத்தையின் வாசலில் நின்றாள். "நான் இன்னும் ஒங்கூட பேசல," என்று சொல்லிவிட்டு அத்தை அவளுக்குக் கொண்டை போட்டுவிட்டார்.

சில நாள் கழித்து மலைக்கு அம்மாவுக்குச் சாயத்தண்ணி கொண்டுபோனேன். மேல் நிரையில் அத்தை தனியாகக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார். பனி இடுப்பளவுக்கு நின்றது. விரலை மடக்கி என்னைக் கூப்பிட்டார்.

"அன்னைக்கு கோயில்ல நல்லா செஞ்சியேடா."

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பாராட்டுகிறபோது எனக்கு நாக்கு நிற்காது. "சும்மா இல்லங்க அத்தை. கானுக்கிட்ட நின்னு பழகிட்டுல்ல வந்தேன்? எப்புடி, அசலா இருந்துச்சா?"

"இப்ப செய்யி."

"இங்கயா?"

"இங்கதான். தேயிலைக்கு காது இருக்கா?"

தொண்டையைச் செருமிக்கொண்டு அழுதேன்.

"இது ஆட்டுக்குட்டி," என்றார் அத்தை.

மறுபடி அழுதேன்.

"இது பூன."

வெட்கமாகப் போய்விட்டது. தேத்தண்ணிப் போத்தலைக் கீழே வைத்துவிட்டு, குந்தி, கண்ணை மூடி, முழு மூச்சையும் எடுத்து அழுதேன். கண்ணைத் திறந்தபோது அத்தை கொழுந்து எடுப்பதை விட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது மதுஷன்," என்றார்.

"தொண்ட கட்டியிருக்கு அத்தை. இந்தப் பனி..."

"சாமி எறங்குறப்ப எனக்கு ஒண்ணும் கேக்காதுடா," என்றார். கையில் இருந்த கொழுந்தைச் சாக்குக்குள் போடவில்லை, பிடித்துக்கொண்டே நின்றார். "இத்தன வருசமா அது ஒங்க எல்லாருக்கும் அழுது காட்டுது. நான் எந்திரிச்சு ஒங்க மூஞ்சியத்தான் பாப்பேன், அது எப்புடி அழுதிருக்கும்னு. ஆஸ்பத்திரில ஒருக்கா அழுதுச்சு. ஒரே ஒருக்கா. அதுக்கப்புறம் அந்த ஞாயித்துக்கெழமதான் கேட்டேன்."

"அத்தை, அது நாந்தான் அழுதேன். சத்தியமா."

"சத்தியம் பண்ணாத," என்றார் அத்தை. "ஒனக்கு அந்த அழுக வராது. இப்பத்தான மூணு தடவ அழுது காட்டுன?"